வாய்வழித் துப்பாக்கியின் குழலிரும்பும் மூலத்தன்மையும்: கல்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு நூலின் காலத்தை வரையறுக்கப் புகுவோர் ஏட்டை ஒருபுறமும், எழுத்தை ஒருபுறமும், சொல்லாட்சியை ஒருபுறமும் வைத்து நோக்குவர். ஏடு இருநூறு ஆண்டிற்கு உட்பட்டதாயினும் அதன்கண் எழுதப்பட்ட பாட்டு ஆயிரம் ஆண்டு முற்பட்டதாக இருத்தல் கூடும். அன்றியும், பழம்பாட்டின் நடுவே பிற்காலத்தார் கைச்சரக்கு புகுந்திருத்தலும் உண்டு. ஆதலின் ‘இந்நூல் பழையதா, புதியதா’ என்று ஒரே வினா எழுப்பி ஒரே விடை காண முயல்வது ஆராய்ச்சி ஆகாது. எப்பகுதி எக்காலத்தது என வகுத்துக் காண்டலே முறையாகும்.

இம்முறை நூலுக்கு மட்டும் உரியதன்று. மக்கள் கைபட்டுத் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் கருவிகட்கும் பொருந்துவதாம். நாட்டுத் துப்பாக்கி என்று மக்கள் வழங்கும் கருவியை இம்முறையால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் இத்துப்பாக்கியை ஈண்டு ‘வாய்வழித் துப்பாக்கி’ எனக் குறிப்போம். இதுபற்றி எழும் வினாக்கள் இரண்டு. குழல் எவ்வகை இரும்பால் ஆயது என்பது ஒன்று. கருவி முதலில் செய்யப்பட்ட நிலையிலேயே உள்ளதா, பின்னர் மாற்றப்பட்டதா என்பது மற்றொன்று.

இவை பழம்பொருள் திரட்டுவோரின் பொழுதுபோக்கு வினாக்கள் என்று எண்ணிவிடல் ஆகாது. கல்வராயன் மலை போன்ற இடங்களில் உரிமமின்றி வைத்திருக்கும் துப்பாக்கி சட்டப்படி குற்றப்பொருள். கைப்பற்றப்படுவனவும் ஒப்படைக்கப்படுவனவும் வழக்கு முடிந்தபின் அழிக்கப்படுவதே பொதுவழக்கு. அவ்வாறு அழிவனவற்றுள் நேற்றுப் பட்டறையில் குழாய்த்துண்டு கொண்டு செய்தது எது, நூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட உலையிரும்பு எது என்று பிரித்தறியும் வழக்கம் இல்லையேல், இந்நாட்டு இரும்புத் தொழிலின் சான்றுகள் சில எவரும் அறியாமலே உருகிப்போம்.

2. சொல்லும் பொருளும்

‘துப்பாக்கி’ என்பது தமிழ்ச்சொல் அன்று. துருக்கி மொழியிற் பிறந்து பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளின் வழியே தென்னாடு புக்க சொல் அது. ‘பீரங்கி’ என்பதோ ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்னும் சொல்லின் திரிபாம். ஆயின் வெடி, மருந்து, குழல், திரி, கட்டை, குதிரை, கெட்டித்தல் என இக்கருவியின் உறுப்பும் தொழிலும் குறித்து வழங்கும் சொற்கள் பல தமிழாகவே உள்ளன. கருவியின் பெயர் அயலிலிருந்து வந்தது; அதன் உறுப்புகட்குக் கொல்லனும் தச்சனும் வேட்டுவனும் தம் சொல்லையே இட்டனர். பெயர் வந்த வழியும் உறுப்புச் சொற்கள் பிறந்த வழியும் வேறாதல், கருவியைப் பெற்றவர் அதனைத் தம் கையால் பழுதுபார்க்கவும் படைக்கவும் கற்றுக்கொண்டனர் என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

‘ரைபிள்’ என்னும் சொல்லாட்சியிலும் ஒரு தெளிவு வேண்டும். இன்று நீண்ட குழலுடைய துப்பாக்கி எல்லாவற்றையும் ரைபிள் என்று கூறுவாருளர். உண்மையில் குழலின் உட்சுவரில் சுருள்சுருளாக வரிப்பள்ளம் வெட்டப்பெற்றதே ரைபிள் ஆகும். அப்பள்ளம் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உட்சுவர் வழவழப்பானவை. சிதறி விழும் ரவைக்கு வரிப்பள்ளம் வேண்டுவதில்லை. எனவே மலைநாட்டில் வரிப்பள்ளமுடைய பழங்குழல் ஒன்று கிடைக்குமாயின், அது அயலிலிருந்து, பெரும்பாலும் படைக்கலமாக, வந்தது எனக் கருத முதற்சான்று அப்பள்ளமே.

3. மலையும் காவலும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகத் தொடங்கிய கள்ளக்குறிச்சியின் மேற்கே வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களைத் தன்பாற் கொண்டு நிற்பது. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழையே தாய்மொழியாக உடையவர். கேரளத்து மலையாளிகளின் வேறானவர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976ஆம் ஆண்டிலேயே அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது.

இம்மலைநாட்டில் துப்பாக்கி எதற்கு என்னும் வினாவுக்கு விடை, வேட்டை என்பதினும் பயிர்க்காவல் என்பதேயாகும். தினையும் சாமையும் விளைவிக்கும் மலைச்சரிவில் பன்றியே உழவனின் முதற்பகை. கல்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும், பன்றியைப் பிடிக்க வைத்த கற்பொறியையும் வழிச்செல்வோர்க்கு இடராகக் கூறி எச்சரிக்கின்றது. அக்காவலன் கையில் கவண் இருந்த இடத்தைப் பிற்காலத்தே துப்பாக்கி பற்றிக்கொண்டது. கருவி மாறிற்று, தொழில் மாறவில்லை.

இன்றுள்ள சட்டமும் இத்தொடர்பை ஏற்கின்றது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமம் வழங்குதல் பற்றிக் கூறும் 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்க்காவலுக்கு வேண்டப்படும் வாய்வழித் துப்பாக்கியைத் தனியே பெயர்சுட்டிக் குறிப்பிடுகின்றது. அச்சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயின் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் பயிர்க்காவல் வேறு, வேட்டை வேறு என்னும் எல்லை கடுமையாயிற்று. உரிமம் உடையவனும் விலங்கைத் தன் விருப்பம்போற் சுடுதல் இயலாது.

4. குழலிரும்பின் வகைகள்

குழலின் உலோகத்தை அறியப் புகுமுன், எவ்வெவ்விரும்பு எவ்வெக்காலத்தது என்பதை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அடித்துச் செய்த தேனிரும்பு. கரியிட்ட உலையில் உருகாது குழைந்து திரளும் இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கிப் பெறுவது. இதன்கண் கரியம் மிகக் குறைவு. நூற்றில் பத்திலொரு பங்கினும் குறைந்தே இருக்கும். எத்துணை அடித்தாலும் நீங்காத கசடு நார்நாராக உள்ளே ஓடும். அந்நாரே இவ்விரும்பின் முத்திரை. நெகிழ்வுடையதாகலின் தகடாக அடித்து, உருளைக் கம்பியின்மேற் சுருட்டி, விளிம்பைக் காய்ச்சிப் பற்றவைக்க ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகின் பெரும்பாலான குழல்கள் இவ்விரும்பாலேயே ஆயின.

இரண்டாவது, முறுக்குக் குழல். இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, அடித்து நாடாவாக்கி, உருளைக் கம்பியின்மேற் சுற்றிப் பற்றவைப்பது. திராவகம் பட்டவிடத்து இரு வகை உலோகமும் வெவ்வேறு நிறங்காட்டுதலின் அலையலையான கோலம் தோன்றும். இதனை ஐரோப்பியர் டமாஸ்கஸ் குழல் என்பர். இங்கிலாந்தின் பர்மிங்காமும் பெல்ஜியத்தின் லியேழும் இதற்குப் பேர் பெற்றவை.

மூன்றாவது, வார்ப்பு முறையில் பெருமளவாகச் செய்யும் புது உருக்கு. 1856இல் பெஸ்ஸமர் தம் முறையை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் சீமென்ஸ், மார்ட்டின் ஆகியோரின் திறந்தவுலை முறையும் நிலைபெற்றது. இவ்வுருக்கில் நார்போன்ற கசடு இல்லை. மங்கனீசு குறிப்பிடத்தக்க அளவு கலந்திருக்கும். மரக்கரி உலையிற் பெற்ற பழைய இரும்பிலோ மங்கனீசு மிகச் சிறிதே. இவ்வேறுபாடு பின்னர்க் காணவிருக்கும் சோதனைக்கு அடிப்படையாகும்.

5. ‘சேலத்து உருக்கு’ என்னும் வழக்கு

பழந்துப்பாக்கி ஒன்றைக் கண்டவுடன் ‘இது சேலத்து உருக்கால் ஆயது’ என்று பெருமிதத்தோடு கூறுவார் பலர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

இப்பகுதியின் இரும்புப் புகழ் பொய்யன்று. கஞ்சமலை, கொடுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை முதலியவற்றின் காந்த இரும்புக்கல் அடுக்குகளைக் கிங், புரூஸ் ஃபூட் ஆகிய நிலவியலார் சேலம், தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களின் நிலவியல் பற்றி 1864இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். 1800, 1801ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் வழிப்பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இரும்பும் உருக்கும் காய்ச்சும் முறைகளை நேரிற் கண்டு எழுதினார். மண்மூசையில் இரும்பையும் மரத்துண்டுகளையும் இலையையும் இட்டு மூடி உருக்கிய உருக்கை ஐரோப்பியர் ‘ஊட்சு’ என்றனர். கன்னடத்து ‘உக்கு’ என்பதன் திரிபே அச்சொல் என்பது பலர் கருத்து. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இதுபற்றிக் கட்டுரை படைத்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடே இதனை ஆராய்ந்தார். சேலத்தில் பணிபுரிந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டு ஐரோப்பிய முறையில் இரும்பாலை நிறுவினார். மரக்கரியும் முதலும் போதாமையின் அம்முயற்சி நிலைபெறவில்லை.

இவை அனைத்தும் உண்மையே. ஆயின் இவற்றிலிருந்து ‘ஆதலின் நாட்டுத் துப்பாக்கிக் குழலும் அவ்வுருக்கே’ என்னும் முடிபு பிறவாது. மூசை உருக்கில் கரியம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இருக்கும். அது வாளுக்கும் கத்திக்கும் உளிக்கும் ஏற்றது. மிகக் காய்ச்சினால் உதிர்ந்துவிடும் இயல்புடைய அவ்வுருக்கை நீண்ட குழலாகச் சுருட்டிப் பற்றவைத்தல் அரிது. குழலுக்கு வேண்டுவது கூர்மையன்று. வெடியழுத்தத்தைத் தாங்கும் நெகிழ்வு. எனவே சேலத்து உலையிலிருந்து குழலுக்குச் சென்றிருக்கக்கூடியது பெரும்பாலும் தேனிரும்பேயன்றி உருக்கன்று. முறுக்குக் குழலாயின் இரும்போடு உருக்கு ஒரு பங்கு கலந்திருத்தல் கூடும்.

இங்கு மற்றொரு மயக்கமும் உண்டு. டமாஸ்கஸ் வாள் என்பது மூசை உருக்கினுள் தானே விளையும் கோலமுடையது. டமாஸ்கஸ் குழல் என்பது முறுக்கி இணைத்ததால் தோன்றும் கோலமுடையது. பெயர் ஒன்று; பிறப்பு இரண்டு. ஒரு குழலில் அலைக்கோலம் கண்ட மாத்திரத்தே அதனை ‘ஊட்சு’ எனல், ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு இரு சொற்கட்கு ஒரு வேர் கற்பிப்பதை ஒக்கும்.

6. உலோகத்தை அறியும் முறை

மக்கள் வழக்கில் உள்ள சோதனைகள் சிலவற்றை முதற்கண் விலக்கல் வேண்டும். காந்தம் ஒட்டுதல் இரும்பிற்கும் உருக்கிற்கும் பொது. பித்தளையையும் வெண்கலத்தையும் விலக்க மட்டுமே அது பயன்படும். குழலைத் தட்டி ஓசை கேட்டல் விரிசலை ஓரளவு காட்டலாமேயன்றி உலோகத்தின் இனத்தைக் காட்டாது. அரைக்கல்லில் தேய்த்துத் தீப்பொறியின் வடிவம் நோக்குதல் பட்டறையில் பயன்படுவதே. ஆயின் பழம்பொருளுக்குத் தழும்பு உண்டாக்குதலின் ஆகாது.

கண்ணால் அறியத்தக்கன நான்கு. ஒன்று, பற்றவைத்த வரி. தகட்டை நீளவாக்கில் மடித்துச் செய்த குழலில், பெரும்பாலும் கட்டைக்குள் மறையும் அடிப்பக்கத்தே, நீண்ட வரி ஒன்று காணப்படும். சுற்றிச் செய்ததாயின் வரி சாய்ந்து சுற்றிச் செல்லும். இரண்டு, துருவின் தன்மை. தேனிரும்பு நார்வழியே துருவேறி மரத்தின் இழைபோற் பிளவுபட்டுத் தோன்றும். புது உருக்கு குழிகுழியாக அரிக்கும். மூன்று, சுவரின் கனம். கையாற் செய்த குழலில் வாய்ப்புறத்தே சுவர்க்கனம் ஒருபால் மிக்கும் ஒருபால் குறைந்தும் இருத்தல் இயல்பு. ஆலையிற் பிறந்த குழாயில் எங்கும் ஒத்திருக்கும். நான்கு, பூச்சு. துத்தநாகப் பூச்சின் எச்சம் குழலின் உள்ளிலோ மடிப்பிலோ காணப்படின் அது நீர்க்குழாயின் துண்டு என்பதில் ஐயமில்லை.

கருவியால் அறியத்தக்கனவும் உள. ஊடுகதிர்ப் படம் பற்றவைத்த வரியையும் உள்விரிசலையும் காட்டும். பொருளைச் சிதையாது தனிமங்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி மங்கனீசின் அளவைக் காட்டும். அளவு மிக்கிருப்பின் குழல் பெருவார்ப்பு உருக்குக் காலத்தது எனக் கருத இடமுண்டு. ஆயின் அக்கருவியின் எளிய வகை கரியத்தை அளக்கவியலாது. எனவே அது ‘இரும்பா, உருக்கா’ என்னும் வினாவுக்கு நேர்விடை தாராது, பக்கச்சான்றே தரும். நேர்விடை வேண்டின் கட்டைக்குள் மறையும் இடத்தில் மிகச் சிறிதளவு மெருகிட்டு, பயிற்சியுடைய பாதுகாப்பாளர் திராவகம் தொட்டு நுண்ணோக்கியிற் காணல் வேண்டும். கசட்டு நார் தோன்றின் தேனிரும்பு. தோன்றாது சீரான மணிகள் தோன்றின் உருக்கு.

ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். சுட்டுப் பார்த்தல் சோதனை ஆகாது. பழங்குழல்கள் உள்ளே மருந்து கெட்டித்தவாறே பல்லாண்டு கிடத்தல் உண்டு. பற்றவைத்த வரி உள்ளே அரித்திருப்பின் குழல் கையிலேயே வெடிக்கும். மேலும், உரிமமின்றிக் கைக்கொள்ளுதலே குற்றமாகலின், ஆய்வாளர் இவற்றை அருங்காட்சியகத்திலோ, உரிமம் பெற்றார் முன்னிலையிலோ, காவல் துறையினர் பொறுப்பிலோ வைத்தே ஆராய்தல் வேண்டும்.

7. மூலமும் இடைச்செருகலும்

இனி இரண்டாம் வினா. நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் ஒரே காலத்துப் பொருள் அன்று. குழல் ஒரு காலத்தது; கட்டை ஒரு காலத்தது; விசைப்பொறி பிறிதொரு காலத்தது. மூன்றனுள் நெடிது வாழ்வது குழலே. கட்டை கரையானுக்கு இரையாம், விசை தேயும், குழல் நிற்கும்.

தீ மூட்டும் முறை காலத்தைக் காட்டும் முதற்குறி. திரியால் தீ மூட்டும் குழலுக்கு அடிமுனையின் பக்கத்தே தீத்துளையும் அதனருகே மருந்திடும் சிறு தட்டும் இருக்கும். சக்கிமுக்கிக் கல் பொறியிலும் தீத்துளை உண்டு. வெடியுப்பைத் தட்டித் தீ மூட்டலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் அலெக்சாந்தர் ஃபார்சைத் 1807இல் உரிமை பெற்றார். கேப்பு எனப்படும் செம்புமூடி அதன்பின் பரவிற்று. ஆங்கிலப் படை அதனை முழுமையாக மேற்கொண்டது 1840ஐ ஒட்டியேயாம். எனவே கேப்பு முனை பொருத்திய குழலில், பழைய தீத்துளையை அகலப்படுத்திய அடையாளமோ, அடைத்த அடையாளமோ இருப்பின், குழல் முந்தியது, முனை பிந்தியது எனத் துணியலாம். இதுவே நூலில் அடித்தல் திருத்தல் காண்பதை ஒக்கும்.

அடிமுனையின் அடைப்பு இரண்டாம் குறி. ஐரோப்பியக் குழல்களில் அது மரையிட்ட திருகாணி. பல இந்தியக் குழல்களில் அது மரையின்றிக் காய்ச்சி அடித்து இறுக்கியது. மரை உள்ளதாயின் அம்மரை கையால் வெட்டியதா, பொறியால் வெட்டியதா என நோக்கல் வேண்டும். ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைக்கு ஒரே அளவு வகுத்தார். மில்லிமீட்டர் அளவுமரை இந்நாட்டில் பரவியது அதனினும் பிற்காலத்தே. பழங்குழலில் மில்லிமீட்டர் மரை காணின் அது பிற்செருகல். மின்பற்று வைத்த தழும்பு காணப்படினும் அவ்வாறே.

முத்திரைகள் மூன்றாம் குறி. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் முதலில் நான்கு கூறாகப் பகுத்த இதய வடிவமும், 1808ஐ ஒட்டிப் பின்கால் ஊன்றி எழும் சிங்கமும் பொறிக்கப்பெற்றன. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் சட்டத்தால் அமைந்தது. அதன் முத்திரை குழலின் அடிப்பக்கத்தே இருக்கும். நீள்வட்டத்துள் அமைந்த எழுத்துகள் லியேழைக் காட்டும். திப்பு சுல்தானின் பட்டறைக் குழல்களோ மௌலூதி ஆண்டும் புலிவரியும் உடையன. ஆயின் முத்திரை ஒன்றே முடிந்த சான்றாகாது. வாணிகப் பொருட்டுப் போலி முத்திரை இடுதலும் உண்டு. குழலின்மேற் பொறித்த கடைப்பெயர் செய்தோன் பெயராகாது விற்றோன் பெயராகவே இருத்தலும் உண்டு. நூலின் முகப்பில் உள்ள பதிப்பாளர் பெயரை ஆசிரியர் பெயராகக் கொள்ளும் பிழை இங்கும் நேரக்கூடும்.

கோலம் நான்காம் குறி. வெறும் இரும்புக் குழலின்மேல் திராவகத்தாலோ வண்ணத்தாலோ டமாஸ்கஸ் கோலம் தீட்டி விற்றலும் பண்டு உண்டு. மெய்யான கோலம் கட்டைக்குள் மறையும் பகுதியிலும் தொடர்ந்து ஓடும். தீட்டிய கோலம் கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நின்றுவிடும்.

8. மூவகைக் குழல்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கள்ளக்குறிச்சி போன்ற ஒரு பகுதியில் கிடைக்கும் வாய்வழிக் குழல்களை மூவகையாகப் பகுத்து ஆராயலாம்.

முதல்வகை, படையிலிருந்து கழிந்தவை. கள்ளக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள தியாகதுருக்கம் மலைக்கோட்டை, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்டு 1761இல் ஆங்கிலேயர் வசமானது. 1790இல் திப்புவின் படை தாக்கியபோது கேப்டன் ஃபிளிண்ட் அதனைக் காத்தார். எனினும், ‘ஆதலின் இம்மலைத் துப்பாக்கிகள் அப்போரில் எஞ்சியவை’ என இணைத்தல் கதையாகுமேயன்றி வரலாறாகாது. அளவே சான்று பகர்தல் வேண்டும். கம்பெனிப் படையின் சக்கிமுக்கித் துப்பாக்கியின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 1853ஆம் ஆண்டு அமைப்பினதாகிய என்ஃபீல்டு ரைபிளின் உள்விட்டம் 14.65 மில்லிமீட்டர், குழல் நீளம் 39 அங்குலம், வரிப்பள்ளம் மூன்று, 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று. 1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப்பின் இந்தியப் படைவீரர் கையில் குறிதவறாத ரைபிள் இருத்தல் தகாது எனக் கருதிய ஆங்கில அரசு, அதே தோற்றத்தில் 16.66 மில்லிமீட்டர் வழவழப்புக் குழலுடைய துப்பாக்கியை 1859ஆம் ஆண்டு அமைப்பாக வெளியிட்டது. எனவே என்ஃபீல்டு வடிவினதாயினும் வரிப்பள்ளமற்ற குழல் காணின், வரி தேய்ந்தது என்று விரைந்து கூறாது, விட்டத்தை அளந்து காண்டல் வேண்டும். அவ்வழவழப்பு பழுதன்று, ஆள்வோர் கொண்ட ஐயத்தின் சுவடு.

இரண்டாம் வகை, வாணிகத்தால் வந்தவை. பர்மிங்காமிலும் லியேழிலும் செய்து துறைமுகநகரின் கடைகள் வழியே விற்கப்பெற்றவை. இவற்றில் முறுக்குக் குழலும், சோதனை முத்திரையும், கடைப்பெயரும் காணலாம்.

மூன்றாம் வகை, உள்நாட்டுக் கொல்லர் செய்தவை. இவற்றுள்ளும் இரு காலம் உண்டு. தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த குழல் ஒன்று; ஆலைக்குழாயை அறுத்து அடைத்தது மற்றொன்று. முன்னது தொழில்வரலாற்றுச் சான்று. பின்னது பெரும்பாலும் வெடியழுத்தம் தாங்காதது. உடையவனுக்கே இடர் விளைப்பது. இரண்டும் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்னும் ஒரே பெயரால் குற்றப்பட்டியலில் ஏறுகின்றன.

9. சட்டமும் சான்றும்

பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்து அறிக்கை விடுத்தார். 1860ஆம் ஆண்டின் சட்டமும், லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டின் சட்டமும் இந்தியா முழுமைக்கும் உரிமமுறையை வலுப்படுத்தின. இதற்கு விலக்காக நின்றது குடகு. 1861இல் அந்நாட்டார்க்கு அளித்த விலக்கு பிற்காலத்தும் தொடர்ந்து, இன்று 2029 வரை நீட்டிக்கப்பெற்றுள்ளது. ஆதலின் குடகில் துப்பாக்கி ஒளிக்கப்படுவதில்லை. கைல்போது விழாவில் வெளிப்பட வைத்து வழிபடப்படுகின்றது. எக்குடிக்கு எத்துப்பாக்கி எத்தலைமுறையில் வந்தது என்பது அங்கு வாய்மொழியாகவேனும் நிற்கும். மலையாளிகட்கு அத்தகைய விலக்கு இல்லை. ஒளித்து வைத்த பொருளுக்கு வரலாறு சொல்வார் இலர். சொன்னால் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். எனவே இங்கு வாய்மொழிச் சான்று வாய்மூடி நிற்க, இரும்பே பேச வேண்டியுளது.

அவ்விரும்பும் பேசாது போன ஒரு நிகழ்ச்சி தமிழகத்தில் முன்னரே உண்டு. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் குவிந்து கிடந்த பழம்படைக்கலங்களை 1863ஆம் ஆண்டளவில் அரசினர் கழித்தபோது, வால்ஹவுஸ் என்னும் அதிகாரி சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்திற்குச் சேர்ப்பித்தார். எஞ்சியவை உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அச்செய்தியை அவரே 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். தேர்ந்தெடுத்தவற்றால் இன்று நாம் தஞ்சைக் கொல்லரின் திறம் அறிகின்றோம். விற்றவற்றால் அறிந்திருக்கக்கூடியது யாது என்பதை இனி எவரும் கூறவியலாது.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் வருமாறு.

நாட்டுத் துப்பாக்கியின் மூலத்தன்மை முழுக்கருவிக்கும் ஒன்றாகக் கூறத்தக்கதன்று. உறுப்புதோறும் தனியே வரையறுக்கத்தக்கது. குழல் பழமை, கட்டை புதுமை எனின் அக்கருவி போலி ஆகாது. உழைத்து உயிரோடிருந்த கருவி என்பதே அதன் பொருள்.

‘சேலத்து உருக்குக் குழல்’ என்னும் வழக்கைச் சோதனையின்றி ஏற்றல் கூடாது. குழலுக்கு ஏற்றது தேனிரும்பு. அவ்விரும்பு இப்பகுதி உலையினதா, கப்பலில் வந்ததா என்பது கசட்டின் கூறு கண்டு அறியத்தக்கது. நம் நாட்டின் புகழை நாம் விரும்புவதாலேயே அப்புகழுக்கு மிகுந்த சான்று வேண்டுதல் நம் கடன்.

உரிமமற்ற துப்பாக்கியை நீக்குதல் அரசின் கடமை. அதில் மாறுபாடு இல்லை. ஆயினும் அழிக்குமுன் குழலின் நீளம், உள்விட்டம், அடிமுனையின் அமைப்பு, அடிப்பக்கத்து முத்திரையும் வரியும் ஆகிய நான்கையும் குறித்து ஒரு படம் எடுத்தல், ஒரு குழலுக்குக் கால்நாழிகையும் கொள்ளாத வேலை. ஐயத்திற்குரிய பழங்குழல் ஒன்று தோன்றின், சுடவியலாவாறு செய்து அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க நீதிமன்றத்தின் இசைவு வேண்டலாம். அவ்வாறு செய்யின், மலையடிவாரத்து உலை எதனைக் காய்ச்சிற்று, மலைமேல் நின்ற காவலன் எதனைக் கையிற் பிடித்தான் என்னும் வினாக்கட்கு விடை கூறும் பொருட்கள் ஒருசிலவேனும் எஞ்சும். ஏடுகளைத் தீயினின்றும் கரையானினின்றும் மீட்டவர்கட்கு நாம் பட்ட கடன் பெரிது. கொல்லன் எழுதிய ஏடு இரும்பால் ஆயது. அதற்கும் ஒரு படியெடுப்போன் வேண்டும்.